பொழுதுபோக்கும் நமது உரிமைதான்

சென்ற தவணையில் எங்கள் பாடசாலையில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தோம். தலைப்பு எல்லோருக்கும் பழகியதுதான்: 'எனது பொழுதுபோக்கு'. முப்பத்தொரு பிள்ளைகள் எழுதினார்கள். பதினான்கு பேர் முத்திரை சேகரிப்பதாக எழுதியிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு வருவது வங்கிக் கடிதமும் அடகுக் கடை அறிவித்தலும்தான். அவற்றில் முத்திரை ஒட்டியிருப்பதில்லை. பயிற்சிப் புத்தகத்தில் இருந்ததைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. நாங்களும் அந்த வயதில் அதே முத்திரைக் கட்டுரையைத்தான் எழுதினோம்.

ஒரு பிள்ளை மட்டும் நான்கே வரி எழுதியிருந்தது. "எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் இருந்து கூட்டிவர வேண்டும். பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். எங்கள் அம்மாவின் பொழுதுபோக்கு தூக்கம்."

இந்த நான்கு வரிக்கு எத்தனை புள்ளி போடுவது என்று ஆசிரியர் அறையில் பேசினோம். தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் அதைப் படித்துக் காட்டினோம். சிரித்தவர்களும் இருந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். சம்பளம், வீடு, காணி என்று எழுதும் இந்தப் பத்திரிகையில் இந்த மாதம் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுவதற்கு அந்த நான்கு வரிதான் காரணம்.

"சம்பளமே போதவில்லை, இதில் பொழுதுபோக்கு ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் சொல்கிறோம். அதற்கு முன், இந்த மலைநாட்டில் யார் எப்படிப் பொழுதைப் போக்கினார்கள் என்று பார்ப்போம்.

துரைமார் பொழுதுபோக்கு

நுவரெலியா நகருக்குள் போகும் நம்மில் எல்லோரும் கோல்ப் மைதானத்தைப் பார்த்திருக்கிறோம். 1889இல் தொடங்கிய கழகம் அது. பதினெட்டுக் குழிகளுக்கான புல்வெளி நகரத்தின் நடுவிலேயே விரிந்து கிடக்கிறது. அதற்கு முன்பே, 1876இல், ஹில் கிளப் வந்துவிட்டது. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துத் துரைமாருக்கு டரவளையில் 1868இலேயே கழகம் இருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867இல். தேயிலை இந்த நாட்டில் வேர் பிடிப்பதற்கு முன்பே துரைமாரின் கிளப் வேர் பிடித்துவிட்டது.

அதற்கும் முந்தியது வேட்டை. மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய கல்லறை நுவரெலியா கோல்ப் மைதான ஓரத்தில்தான் இருக்கிறது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கே வேட்டையாடிய கதையை 1850களில் புத்தகமாகவே எழுதினார். பிறகு, சொந்த ஊரில் பிடித்தது போல மீன் பிடிக்க வேண்டும் என்று ட்ரவுட் மீன் முட்டையைக் கப்பலில் கொண்டுவந்து நமது மலை ஓடைகளில் விட்டார்கள். ஏப்ரலில் குதிரைப் பந்தயம் நடந்தது. பெரிய பங்களாக்களில் டென்னிஸ் களமும் இருந்தது.

இவற்றைப் பொறாமையில் சொல்லவில்லை. விளையாடுவது மனிதருக்கு இயல்பு. குளிரிலும் மழையிலும் சொந்த ஊரை விட்டு வந்து கிடந்த ஒரு மனிதன் சாயங்காலம் பந்தடிக்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு? நாம் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. விலையுயர்ந்த பொழுதுபோக்கு என்றால் நமக்கு மட்டையின் விலையும் குதிரையின் விலையும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் ஒரு பொழுதுபோக்குக்கு மூன்று செலவு உண்டு. ஒன்று பணம், இரண்டு நேரம், மூன்று இடம். துரைக்கு மூன்றும் கிடைத்தன. மூன்றுக்கும் பின்னால் நமது பாட்டன் பாட்டி இருந்தார்கள். பணம் அவர்கள் பறித்த கொழுந்தில் வந்தது. சமையல், குதிரை, பூந்தோட்டம், விறகு எல்லாவற்றையும் வேறு ஆள் பார்த்ததால் நேரம் மிஞ்சியது. மைதானத்துக்கு நிலத்தை வெட்டிச் சமமாக்கிய மண்வெட்டி யார் கையில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் ஹில் கிளப்பில் பல காலம் இந்நாட்டவருக்கு அங்கத்துவம் இல்லை. இன்று காசு இருந்தால் யாரும் போகலாம். நமக்குள்ள தடை இன்று காசுதான், தோல் நிறம் அல்ல. முன்னேற்றம் என்றால் அது முன்னேற்றம்தான். ஆனால் வாசல் நமக்குத் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

நமது ஆட்களுக்கு ஒன்றும் இல்லாமலா இருந்தது?

இருந்தது. இதை நமது இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாசி பிறந்தால் காமன் கூத்து. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று விடிய விடிய ஆட்டம். பகலில் மலையில் நின்றவர்கள் இரவில் ராஜாவாக நின்றார்கள். ரதி மதன் கட்டுகிறவர் விரதம் இருந்தார். கூத்து வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். தப்புக்காரர் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார். இதற்கும் செலவு இருந்தது. தோல், அரிதாரம், உடுப்பு, விளக்கு, ஊர்ச் சாப்பாடு எல்லாவற்றையும் லயத்துக்கு லயம் வரி போட்டுச் சேர்த்தார்கள். தனி ஒருவர் தாங்க முடியாத செலவை ஊரே சேர்ந்து தாங்கியது. கிளப்புக்கும் கூத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கிளப் அங்கத்தவருக்கு மட்டும். கூத்தை யாரும் பார்க்கலாம், கைக்குழந்தையும் பார்க்கலாம்.

கொழுந்து மலையில் பாட்டும் இருந்தது. அந்தப் பாட்டுகளை அழியவிடாமல் தேடிச் சேர்த்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கவாதியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். நமது சங்க வரலாற்றில் பாட்டும் போராட்டமும் தனித்தனியாக நடந்ததில்லை என்பதற்கு இவர்கள் இருவரும் சாட்சி.

பிறகு வானொலி வந்தது. எங்கள் தாத்தா ஒருவர் தவணைக்குப் பணம் கட்டி ஒரு ட்ரான்சிஸ்டர் வாங்கினார். அது வைத்திருக்க அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. பற்றரி வாங்கக் காசு இல்லாதபோது பழைய பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார். இரண்டு நாள் பாடும். ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் அதை வைத்தால் லயத்தில் உள்ள எல்லோரும் கேட்பார்கள். அவருடைய சம்பளத்துக்கு அது பெரிய ஆடம்பரம். ஆனால் வாழ்நாள் முழுவதும் அது அவருக்குச் சந்தோஷம் கொடுத்தது. சாகும்போதும் தலைமாட்டில் இருந்தது. அந்தச் செலவை வீண் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நமது உண்மையான விலையுயர்ந்த பொழுதுபோக்கு

இப்போது கொஞ்சம் கசப்பான கணக்கு. ஆசிரியர் வேலை என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

ஒரு அண்ணன் கிழமைக்கு இரண்டு தடவை கால் போத்தல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 2000. வருடத்துக்கு 1,04,000. முப்பது வருடத்துக்கு 31 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. இன்னொரு விதமாகப் பாருங்கள். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபா நாள் சம்பளத்தில் மாதம் 25 பேர் போட்டால் 33,750 ரூபா. அதில் தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து சேமலாப நிதிக்குப் போவது 6,750 ரூபா. அந்த அண்ணனின் போத்தலுக்குப் போவது மாதத்துக்கு ஏறக்குறைய 8,660 ரூபா. வயதான காலத்துக்குச் சேர்வதைவிட அதிகமாகத் தவறணைக்குப் போகிறது.

லொத்தர் சீட்டையும் பார்ப்போம். ஒரு சீட்டு 40 ரூபா. நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 14,600. முப்பது வருடத்துக்கு 4,38,000. விழுந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் விழாது என்று தெரிந்தும் வாங்குகிறோம். அந்த 40 ரூபாவில் நாம் வாங்குவது ஒரு இரவு கனவு. கனவுக்கும் இந்த நாட்டில் ஏழைதான் அதிகம் செலவு செய்கிறான்.

குடிக்கிறவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மேடையில் ஏறிக் குடியைத் திட்டிவிட்டு இறங்குவது சுலபம். தோட்டத்துப் பக்கத்தில் தவறணை வந்தது நமது ஆட்கள் மனுப் போட்டதால் அல்ல. வெள்ளைக்கார அரசாங்கம் சாராயக் குத்தகையில் வருமானம் பார்த்தது. இன்றும் ஒரு போத்தலின் விலையில் பெரும் பங்கு வரிதான். நாள் முழுவதும் மலையில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பும் ஒருவருக்குப் போக வேறு என்ன இடம் இருக்கிறது? வாசிகசாலை இருந்த கட்டடத்துக்குக் கூரை இல்லை. கரம் போர்ட் இருந்த கிளப் அறையில் உரமூட்டை கிடக்கிறது. போக ஒரே ஒரு இடம்தான் திறந்திருக்கிறது என்றால், அங்கே போவதை முழுக்க அவருடைய விருப்பம் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் அண்ணன்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த 31 இலட்சத்தில் உங்களுக்குக் கிடைத்தது என்ன? தாத்தாவின் ட்ரான்சிஸ்டர் லயம் முழுவதற்கும் பாடியது. தப்பு ஊருக்கே அடித்தது. போத்தல் உங்களுக்கு மட்டும்தான். அதன் விலையை மட்டும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள்.

அம்மாவின் பொழுதுபோக்கு

அந்தப் பிள்ளை எழுதிய கடைசி வரிக்கு வருவோம். அவளுடைய அம்மா விடிய நான்கரைக்கு எழும்புகிறார். ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்குப் போகிறார். சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் தண்ணீர், விறகு, சமையல், துணி. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு ஆள் கூப்பிட்டால் அதற்கும் போகிறார். அவருக்குப் பொழுது இருந்தால்தானே போக்குவதற்கு?

அப்படியும் நமது பெண்கள் விட்டுவிடவில்லை. எந்த லயத்துக்குப் போனாலும் பாருங்கள். வாசலில் பழைய பால்மா டின்னிலும் உடைந்த வாளியிலும் பூச்செடி. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த யாரோ ஒரு மாமா கொண்டுவந்த டேலியாக் கிழங்கு, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், இன்று தோட்டம் முழுவதும் பூக்கிறது. மண்ணே சொந்தமில்லாத ஒரு சனம் டின்னுக்குள் மண் போட்டுப் பூ வளர்க்கிறது. ஏழு பேர்ச் போதாது, வீட்டோடு ஒழுங்கான காணி வேண்டும், உறுதியும் வேண்டும் என்று நாம் கேட்கும்போது, மரக்கறிக்கும் மாட்டுக்கும் என்று மட்டும் சொல்கிறோம். பூவுக்கும் என்று சேர்த்துச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

மைதானம் யாருடையது?

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறோம். பாடசாலைக்குக் கீழே ஒரு தரை. பெடியன்கள் சிரமதானம் செய்து, நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டிச் சமப்படுத்தியது. கரப்பந்து அடித்தார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கேதான் ஓடிப் பழகினார்கள். வலய மட்ட ஓட்டப் போட்டிக்குத் தெரிவான ஒரு மகளும் வெறுங்காலோடு அங்கே ஓடிப் பழகியவள்தான். ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்க அவளுடைய அம்மாவின் பல நாள் பேர் வேண்டும். ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் தரையைச் சுற்றிக் கம்பி அடித்து, உள்ளே யூக்கலிப்டஸ் கன்று நட்டிருந்தது. கேட்டதற்கு, "வரைபடத்தில் இது வெற்று நிலம், மைதானம் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றார்கள். அன்று நமது கையில் ஒரு துண்டுக் கடிதமும் இருக்கவில்லை. மூன்று தடவை பேச்சுவார்த்தைக்குப் போனோம். கடைசியில் பாதித் தரை திரும்பக் கிடைத்தது. கரப்பந்துக்கு அது போதும். ஓடுவதற்குப் போதாது. அந்த மகள் இப்போது ஓடுவதில்லை.

பாதியை மீட்டோம் என்று நாம் பெருமைப்படலாம். மீதியை இழந்தது நமது கவனக்குறைவால்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் அன்றே குரல் கொடுக்கிற சங்கம், பிள்ளைகள் விளையாடும் தரையை எழுத்தில் வாங்கி வைக்க ஒருபோதும் நினைக்கவில்லை. அதை நாம் தொழிலாளர் பிரச்சினையாகவே பார்க்கவில்லை.

சம்பளம் முதலில், மற்றது பிறகா?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில். ஒவ்வொரு வருடமும் மே தினத்துக்கு ஊர்வலம் போகிறோம். 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எதற்காக இறங்கினார்கள்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்காக என்பதுதான் அந்தக் காலத்துத் தொழிலாளர் கோரிக்கை. அவர்களும் அரை வயிற்றுக்காரர்கள்தான். சம்பளம் நிறையட்டும், பிறகு நேரத்தைக் கேட்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1948இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை ஓய்வும் இளைப்பாறலும் எல்லோருக்கும் உரிமை என்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை பிள்ளைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்கிறது.

2021இல் ஆயிரம் ரூபாவுக்காக எத்தனை வருடம் போராடினோம் என்பது நமக்குத் தெரியும். அந்தப் போராட்டம் தொடர வேண்டும். ஆனால் சம்பளம் எதற்கு? அரிசிக்கும் மருந்துக்கும் கடனுக்கும் மட்டும் என்றால், நாம் அடுத்த நாள் மலைக்குப் போவதற்காக மட்டுமே உயிர் வாழ்கிறோம் என்று ஆகிவிடும். நாம் வேலை செய்வது வாழ்வதற்காக.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு டிவிஷனிலும் உள்ள விளையாட்டுத் தரை, கிளப் அறை, வாசிகசாலை, கூத்துத் திடல் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் உறுதி வாங்குவது. கடிதத்தின் பிரதி சங்கக் காரியாலயத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உரமூட்டை கிடக்கும் கிளப் அறைகளைத் திறக்க வைப்பது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போக ஒரு இடம், ஒரு கரம் போர்ட், அன்றைய பத்திரிகை, ஒரு பல்ப். செலவு பெரிதல்ல. பெண்களுக்கும் அங்கே நேரம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, தப்பும் கூத்தும் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெடியன்களும் பெட்டைகளும் பழகுவது. எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. அதில் அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து வைக்கலாம். தப்பு அடிப்பதைக் கேவலமாக நினைக்கும் பழக்கத்தை நமது வீட்டிலிருந்தே விட வேண்டும்.

நான்காவது, இதற்கு நிர்வாகமும் தேவையில்லை, வர்த்தமானியும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஆண்கள் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டட்டும். இரண்டு மணி நேரம் போதும். நாங்கள் எங்கள் வீட்டில் தொடங்கியிருக்கிறோம். முதல் கிழமை சோறு குழைந்துவிட்டது. பரவாயில்லை, சாப்பிட்டோம்.

அந்தப் பிள்ளையின் கட்டுரைக்கு முழுப் புள்ளியும் போட்டோம். அடுத்த வருடமும் அதே தலைப்பைக் கொடுக்கப் போகிறோம். அவளுடைய அம்மா இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்து பூச்செடிக்கு மண் அணைத்தார் என்றோ, பக்கத்து வீட்டு அக்காவோடு சும்மா பேசிச் சிரித்தார் என்றோ அவள் எழுதினால், கூட்டத்தில் அதையும் படித்துக் காட்டுவோம்.